ஒரு நோட்டீஸும் நாற்பது சிட்டிங்கும்: ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை பற்றி

போன மாசம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ரெண்டு போட்டோ வந்தது. ஒரு நோட்டீஸின் முன்பக்கம், பின்பக்கம். கீழே, "படிச்சிட்டு நாளைக்கு போன் பண்ணு. உன் மச்சான் நகைய வெச்சிடலாம்ங்கிறார்" என்று எழுதியிருந்தாள்.

அக்கா பையனுக்கு ஆறு வயசு. குறைமாசத்தில் பிறந்தவன். செரிப்ரல் பால்சி. ரெண்டு காலும் விறைப்பாக இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். வாய் மட்டும் ஓயாது. என்னை மாமா என்று கூப்பிடச் சொன்னால் வேண்டுமென்றே பேர் சொல்லிக் கூப்பிடுவான். மூணு வயசில் ரெண்டு தடவை வலிப்பு வந்தது. அதற்கு இன்னும் மருந்து போகிறது.

நோட்டீஸில் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு அறைக்குள் ஒரு குழந்தை சிரித்தபடி படுத்திருக்கிறது. சிட்டிங் ஒன்றுக்கு 3,500 ரூபாய். நாற்பதையும் சேர்த்து எடுத்தால் 1,20,000. அதோடு, பெரிய ஊரில் ரெண்டு மாசம் ரூம் எடுத்துத் தங்க வேண்டும். மச்சானுக்குச் சம்பளமில்லாத லீவு.

நான் டாக்டர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். ஒரு நாவலுக்கு எத்தனையோ பேர் மதிப்புரை எழுதுகிறோம். நாவல் மோசமாக இருந்தால் 300 ரூபாய் போகும். இந்த மாதிரி நோட்டீஸுக்கு யாருமே மதிப்புரை எழுதுவதில்லையே என்று தோன்றியது. அதனால் வரிவரியாகப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பக்கம்: பெரும்பாலும் உண்மை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சை மோசடி இல்லை. காந்தப் படுக்கை, மந்திரத் தண்ணீர் வகையில் இதைச் சேர்க்க முடியாது. நோட்டீஸின் முதல் பத்தியில் இருக்கிற அறிவியல் சரியான அறிவியல்தான்.

நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். நுரையீரலுக்குப் போகிற ஆக்சிஜனில் பெரும்பகுதியை ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜன் இருக்கும். அதில் ரத்தத் திரவத்தில் நேரடியாகக் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லி. மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. அந்த வண்டியில் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஆள் ஏறியாயிற்று. இனி ஆக்சிஜனை அதிகமாகக் கொடுத்தாலும் ஏற இடமில்லை.

ஆனால் கரையும் பகுதியைக் கூட்டலாம். கோலி சோடா ஞாபகம் இருக்கிறதா? அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீரில் வாயு அதிகமாகக் கரையும். அதே விதிதான் இங்கேயும். ஒருவரை மூடிய அறைக்குள் வைத்து, வெளியே இருப்பதைப் போல ரெண்டிலிருந்து மூணு மடங்கு வரை அழுத்தத்தை ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். மூணு மடங்கு அழுத்தத்தில் 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லி ஆகிவிடும். ஓய்வாக இருக்கும் உடம்பு 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படின்னா, ஹீமோகுளோபின் இல்லாமலே கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் என்றாகிறது. 1960ல் ஆம்ஸ்டர்டாமில் இட்டே போரிமா என்ற அறுவை நிபுணர் பன்றிகளை வைத்து இதைச் செய்தே காட்டினார். ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு அவற்றின் ரத்தத்தை எடுத்துவிட்டு, அழுத்த அறைக்குள் உயிரோடு வைத்திருந்தார்.

சோடா மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் குறைந்து குமிழி பொங்கும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் முக்குளிப்பவரின் உடம்பிலும் அப்படியே நைட்ரஜன் குமிழிகள் உருவாகும். மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம், மரணம் வரை போகலாம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறவர்களுக்கு வருகிற நோய் இது. அவர்களுக்கு அழுத்த அறைதான் முதன்மை வைத்தியம். மறுபடியும் அழுத்தத்தை ஏற்றிக் குமிழியைச் சுருக்கி, மெதுவாக இறக்குவார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆக, முன்பக்கம் பாஸ். சிக்கல் பின்பக்கத்தில்.

பின்பக்கம்: ஒரே எழுத்தில் ரெண்டு வகை

பின்பக்கத்தில் 22 நோய்களின் பட்டியல். எல்லாம் ஒரே அளவு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிற டிக். முக்குளிப்பவர் நோயும் ஆட்டிசமும் அடுத்தடுத்து. கார்பன் மோனாக்சைடு விஷமும் "முதுமையைத் திருப்புதலும்" அடுத்தடுத்து. இந்த நோட்டீஸைப் பற்றி எனக்கிருக்கிற முக்கியமான புகாரே இதுதான். முதல் ஐந்து வரி உண்மை; அந்த உண்மையின் தோளில் ஏறிக்கொண்டு மற்ற பதினேழும் உள்ளே வந்துவிடுகின்றன.

நான் அந்தப் பட்டியலை மூணு குவியலாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் குவியல், மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவை. முக்குளிப்பவர் நோய், ரத்தக்குழாயில் காற்றுக்குமிழி அடைப்பு, கடுமையான கார்பன் மோனாக்சைடு விஷம், தசையை அழுக வைக்கும் வாயுப் புண், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் பல மாதம் கழித்து வரும் சில திசுச் சேதங்கள், திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது என்று பன்னிரண்டு, பதினைந்துக்குள் அடங்கிவிடும். இவற்றிலும் சான்று ஒரே அளவில் இல்லை. உதாரணத்துக்கு, கார்பன் மோனாக்சைடு. 2002ல் அமெரிக்காவில் 152 பேரை வைத்து நடந்த ஆய்வில், அழுத்த அறைச் சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரம் கழித்து நினைவு, சிந்தனைக் குறைபாடு இருந்தது; சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 46 சதவீதம். பெரிய வித்தியாசம். அதற்கு முன் 1999ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வோ பலன் இல்லை என்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையிலேயே இவ்வளவு விவாதம் இருக்கிறது.

ரெண்டாவது குவியல், ஆளைப் பொறுத்தது. நம்ம ஊரில் இதில் முக்கியமானது சர்க்கரை நோயாளிகளின் கால் புண். 2010ல் ஸ்வீடனில் 94 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் புண் ஆறியவர்கள் ஆக்சிஜன் குழுவில் 52 சதவீதம், போலிச் சிகிச்சைக் குழுவில் 29 சதவீதம். நம்பிக்கையான எண்கள். 2016ல் கனடாவில் 103 பேரிடம் செய்தபோது, காலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. 2018ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 120 பேர். அங்கேயும் மொத்தக் கணக்கில் உறுதியான பலன் தெரியவில்லை. சிகிச்சைக் குழுவில் மூணில் ஒருவரால் திட்டமிட்ட சிட்டிங்குகளை முடிக்கவே முடியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கால் புண் இருந்து டாக்டர் இதைச் சொன்னால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது, கிருமியை ஒழித்தது, செத்த தோலை நீக்கியது, புண்மேல் பாரம் விழாமல் செருப்பை மாற்றியது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது எல்லாம் முடிந்த பிறகு அதற்கு மேல் சேர்க்கிற வைத்தியம் இது. அவற்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

மூணாவது குவியல்தான் பெரிசு. ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அல்சைமர், பார்க்கின்சன், புற்றுநோய், மன அழுத்தம், இளமை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013லும் 2021லும் பொதுமக்களுக்கு விட்ட எச்சரிக்கைகள் இந்தக் குவியலைப் பற்றித்தான்.

என் மருமகன் இருக்கிற வரி

நோட்டீஸ் சொல்வது இது: மூளையில் சேதமான பகுதியைச் சுற்றி, சாகாமல் உறங்கிக்கொண்டிருக்கும் செல்கள் இருக்கின்றன, அதிக ஆக்சிஜன் அவற்றை எழுப்பும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கே ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது. நியாயமான ஊகம்தான். ஊகம் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள்.

2001ல் லான்செட் இதழில் வந்த கனடா ஆய்வு. கியூபெக்கில், 3 முதல் 12 வயசு வரை 111 குழந்தைகள். எல்லோருக்கும் செரிப்ரல் பால்சி. குலுக்கல் முறையில் ரெண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 1.75 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். இன்னொரு குழுவுக்கு, காது அடைக்கிற உணர்வு வர வேண்டும் என்பதற்காக 1.3 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்று. ரெண்டு குழுவுக்கும் நாற்பது நாற்பது சிட்டிங். நோட்டீஸில் இருக்கிற அதே நாற்பது.

முடிவு என்ன தெரியுமா? ஆக்சிஜன் குழுவின் குழந்தைகள் தேறினார்கள். உட்காருவது, நிற்பது, நடப்பது போன்ற அசைவுகளை அளக்கும் அளவுகோலில் சராசரியாக 2.9 சதவீத முன்னேற்றம். வெறும் காற்றுக் குழுவும் தேறியது. 3.0 சதவீதம்.

இந்த ரெண்டு எண்ணைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நோட்டீஸில் மூணு பெற்றோரின் சாட்சியம் இருக்கிறது. "முன்பு தலை நிற்காது, இப்போது நிற்கிறது" என்கிறார் ஓர் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. தலை நின்றிருக்கும். கியூபெக்கில் வெறும் காற்றைச் சுவாசித்த குழந்தைகளின் அம்மாக்களைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஒரே குழந்தையை மட்டும் பார்த்தால் இந்த விஷயம் கண்ணில் படவே படாது. பக்கத்தில் இன்னொரு குழு இருந்தால்தான் தெரியும். அதே ஆய்வில் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இருந்த ஒரு விஷயம் காதுப் பிரச்சினை: ஆக்சிஜன் குழுவில் 27 குழந்தைகளுக்கு, காற்றுக் குழுவில் 15 பேருக்கு.

இந்தச் சிகிச்சையை ஆதரிக்கிறவர்களிடம் ஒரு பதில் உண்டு. அதையும் சொல்வதுதான் நியாயம். "1.3 மடங்கு அழுத்தக் காற்று போலி இல்லை, அதுவும் ஒரு சிகிச்சைதான், அதனால்தான் ரெண்டு குழுவும் தேறின" என்பார்கள். ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனால் இதற்கும் விடை தேடியாயிற்று. 2012ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் போலிக் குழுவுக்கும் அதே 1.5 மடங்கு அழுத்தத்தைக் கொடுத்தார்கள். ஆனால் உள்ளே விட்ட காற்றில் ஆக்சிஜனை 14 சதவீதமாகக் குறைத்தார்கள். 1.5ஐ 14ஆல் பெருக்கினால் 21. அதாவது உடம்புக்குக் கிடைத்த ஆக்சிஜன், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுவாசித்தால் கிடைக்கிற அளவுதான். 49 குழந்தைகளைச் சேர்த்த பிறகு இடைக்கணக்குப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டிசத்திலும் கதை கிட்டத்தட்ட இப்படித்தான். தாய்லாந்தில் 60 குழந்தைகளிடம் நடந்து 2012ல் வெளிவந்த ஆய்வில் ரெண்டு குழுவும் முன்னேறின. ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை.

இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுவிடுவோம். சில இடங்களில் துணி மாதிரி மடக்கக்கூடிய பை அறைகளில் 1.3 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்றையே கொடுத்து அதையும் ஹைப்பர்பேரிக் சிகிச்சை என்கிறார்கள். 1.3ஐ 21ஆல் பெருக்கினால் 27. ஆஸ்பத்திரியில் மூக்கில் மாட்டுகிற மெல்லிய குழாயில் கொஞ்சம் ஆக்சிஜன் விட்டாலே அந்த 27 சதவீதம் கிடைத்துவிடும். அதற்கு எதற்கு அறை?

"இளமை திரும்பும்"

பட்டியலின் கடைசி வரி இது. பக்கத்தில் "இஸ்ரேல் விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்று போட்டிருக்கிறது. அந்தக் கட்டுரை இருப்பது உண்மை. 2020ல் வந்தது. 64 வயசுக்கு மேற்பட்ட 35 பேர், 60 சிட்டிங். ரத்தத்தில் உள்ள சில நோய் எதிர்ப்புச் செல்களின் டெலோமியர் எனப்படும் குரோமோசோம் நுனிகள் 20 சதவீதத்துக்கும் மேல் நீண்டன என்கிறது கட்டுரை. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆயிற்று.

கட்டுரையைத் திறந்து பார்த்தால் ஒப்பீட்டுக் குழு இல்லை. கியூபெக்கில் அந்த ரெண்டாவது குழு இல்லாமல் இருந்திருந்தால் நாம் என்ன நம்பியிருப்போம் என்று இப்போதுதானே பார்த்தோம்? அதோடு, ரத்தச் செல்லில் ஒரு நுனி நீள்வதும் ஒரு மனிதர் அதிக நாள் நன்றாக வாழ்வதும் ஒன்றில்லை. யாருக்காவது மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் கூடியதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. விஞ்ஞானிகள் செய்தது ஒரு தொடக்க ஆய்வு. "நிரூபித்தது" என்ற வினைச்சொல் நோட்டீஸ்காரருடையது.

ஒரு பழைய இரும்பு உருண்டை

இது புதுக் கதையும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஆர்வல் கன்னிங்ஹாம் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1918 ஃப்ளூ சமயத்தில் மூச்சுத் திணறிய நோயாளிகளை அழுத்தக் காற்று அறையில் வைத்துப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள். அங்கிருந்து ஒரே தாவல்: சர்க்கரை நோய், சிஃபிலிஸ், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று போய்விட்டார். டிம்கன் என்ற பணக்காரத் தொழிலதிபர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 1928ல் கிளீவ்லாந்தில் ஐந்து மாடி உயர இரும்பு உருண்டை ஒன்றையே ஆஸ்பத்திரியாகக் கட்டினார்கள். 64 அடி விட்டம், உள்ளே நோயாளிகளுக்கு அறைகள்.

அமெரிக்க மருத்துவர் சங்கம் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: சான்று கொடுங்கள். அவர் கொடுக்கவே இல்லை. ரெண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942ல், அந்த உருண்டையைப் பழைய இரும்புக்காக உடைத்து எடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு உறைப்பது வேறொன்று. கன்னிங்ஹாமைப் பணத்துக்காக ஏமாற்றிய ஆள் என்று சொல்லிவிட முடியவில்லை. தன் கண்ணால் சிலர் பிழைத்ததைப் பார்த்தவர் அவர். அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார். நோட்டீஸ் அடிக்கிறவர்களிலும் அப்படி மனதார நம்புகிறவர்கள் இருக்கலாம். அவர்கள் நம்புவது நமக்குச் சான்றாகாது.

"பக்க விளைவு அறவே இல்லை"

நோட்டீஸில் சுத்தமாகத் தப்பான வரி என்றால் இதுதான்.

அடிக்கடி வருவது காது. விமானம் இறங்கும்போது அடைக்கிற மாதிரி, ஆனால் அதைவிடக் கடுமையாக. அழுத்தத்தைச் சமன் செய்யத் தெரியாவிட்டால் செவிப்பறை காயப்படலாம். சளி பிடித்திருக்கிற நாளில் போகக்கூடாது. சின்னக் குழந்தைக்குக் காதை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுப்பதே கஷ்டம். தொடர்ந்து பல சிட்டிங் போனால் கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடலாம்; ஏற்கெனவே புரை இருந்தால் அது வேகமாக வளரலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் உள்ளே போகவே கூடாது. வெளியே வரும்போது அந்தக் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் போன்ற சில மருந்துகள் எடுத்தவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அதிக ஆக்சிஜன் மூளையைத் தூண்டி வலிப்பையும் உண்டாக்கும். அபூர்வம்தான், ஆயிரக்கணக்கான சிட்டிங்குகளில் ஒன்று என்கிற கணக்கு. ஆனால் வலிப்புக்கு ஏற்கெனவே மருந்து எடுக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. "அவனுக்கு ஃபிட்ஸ் வந்திருக்கான்னு அங்க கேட்டாங்களாக்கா?" என்றேன். கேட்கவில்லையாம். பிள்ளையின் எடையைக் கேட்டார்களாம், முன்பணம் கேட்டார்களாம்.

கடைசியாக, தீ. ஆக்சிஜன் நிறைந்த, அழுத்தம் ஏறிய அறைக்குள் ஒரு சின்னப் பொறி போதும். 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் அழுத்த அறை எரிந்து 11 பேர் செத்தார்கள். நோயாளி ஒருவர் கையைச் சூடாக்கிக்கொள்ள எடுத்துப்போன சின்னக் கருவிதான் காரணம் என்றார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் மையம் ஒன்றில் அறைக்குள் இருந்த ஐந்து வயசுச் சிறுவன் இறந்துபோனான். அவனுக்குச் சிகிச்சை கொடுத்ததாகச் சொல்லப்பட்டது கவனக்குறைவுக் கோளாறுக்கும் தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்கும். ரெண்டுமே மேலே சொன்ன முதல் குவியலில் கிடையாது. மையத்தைச் சேர்ந்தவர்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஒழுங்கான ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் கறாரான விதி உண்டு. அவர்கள் கொடுக்கிற பருத்தி உடைதான், பாலியெஸ்டர் கூடாது. போன், வாட்ச், பொம்மை, லைட்டர் எதுவும் உள்ளே போகக்கூடாது. தலைக்கு எண்ணெய், சென்ட், களிம்பு கூடாது. நோட்டீஸ் படத்தில் சிரிக்கிற குழந்தையின் கையில் ஒரு பேட்டரி கார் இருக்கிறது. படத்துக்காக வைத்ததாகவே இருக்கட்டும். அந்தப் படத்தைப் பார்த்து அங்கே ஒருவருக்கும் உறுத்தவில்லையே என்பதுதான் என் கவலை.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

யாராவது உங்களுக்கு இதைப் பரிந்துரைத்தால் "இது நல்ல சிகிச்சையா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஆமாம்" என்று சொல்வது சுலபம், அது பாதி உண்மையும்கூட. இப்படிக் கேளுங்கள்:

1. என் நோய்க்கு, போலிச் சிகிச்சைக் குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா? அதில் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இருந்ததா?
2. எத்தனை மடங்கு அழுத்தம்? சுத்த ஆக்சிஜனா, வெறும் காற்றா?
3. சிட்டிங் நடக்கும்போது அறைக்குப் பக்கத்தில் இருப்பது யார்? அழுத்த மருத்துவத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பாரா?
4. என் காது, நுரையீரல், கண், சர்க்கரை, வலிப்பு, நான் எடுக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் முதலில் பரிசோதிப்பீர்களா?
5. பத்து சிட்டிங் ஆனதும் எதை அளந்து பார்ப்பீர்கள்? பலன் இல்லையென்றால் நிறுத்தி மீதிப் பணத்தைத் தருவீர்களா?
6. இதற்காக நான் இப்போது எடுக்கிற எந்த வைத்தியத்தையாவது நிறுத்த வேண்டுமா? "ஆமாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறுநாள்

அக்காவுக்குப் போன் பண்ணினேன். கியூபெக் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

"அப்ப அந்த வெறும் காத்துல இருந்த புள்ளைங்க எப்படிடா தேறுச்சு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வளருகிற குழந்தைகள் எப்படியும் ரெண்டு மாசத்தில் கொஞ்சம் முன்னேறுவார்கள். ஒரே பரிசோதனையைத் திரும்பச் செய்யும்போது பழகிப்போய் நன்றாகச் செய்வார்கள். ரெண்டு மாசம் வீடே அந்தக் குழந்தையைச் சுற்றியே இருந்திருக்கும். இதில் எது எவ்வளவு என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸ் 1,20,000 ரூபாய்க்கு விற்கிற ஆக்சிஜன் அதற்குக் காரணம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் என்ற ஆய்வாளரின் குழு 2013ல் செரிப்ரல் பால்சி வைத்தியங்களையெல்லாம் அலசி, டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. ஹைப்பர்பேரிக் ஆக்சிஜனுக்குச் சிவப்பு. பச்சையில் இருப்பவை: குழந்தைக்கு வேண்டிய ஒரு வேலையைக் குறி வைத்துப் பயிற்சி கொடுப்பது, வீட்டிலேயே பெற்றோர் செய்யும் பயிற்சித் திட்டம், விறைப்புக்கு போட்டாக்ஸ் ஊசி, இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது.

"இடுப்பு எக்ஸ்ரே எப்ப எடுத்தீங்க?" என்றேன். ரெண்டு வருஷம் ஆச்சாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அக்கா சொன்னாள்: "இத நீயே உங்க மச்சான்கிட்ட சொல்லு. நான் சொன்னா நகைக்காகப் பாக்குறேன்னு நெனைப்பாரு."

இந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. நோட்டீஸ் விற்பது சிகிச்சையை மட்டுமில்லை. அது வீட்டுக்குள் வந்ததும், வேண்டாம் என்று சொல்கிறவர் பிள்ளையைவிடப் பணத்தைப் பெரிதாக நினைக்கிறவர் ஆகிவிடுகிறார். அந்தப் பழிக்குப் பயந்துதான் எத்தனையோ வீட்டில் நகை அடகுக்குப் போகிறது.

மச்சானிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு பலனும் இருக்காதுன்னு உங்களால நூறு சதவீதம் சொல்ல முடியுமா மாப்ள?" என்றார். முடியாது என்றேன். எந்தக் குழந்தையைப் பற்றியும் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. "ஆனா அந்தப் பணத்துக்கு எதுல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்னு கேட்டீங்கன்னா, அதுக்குப் பதில் இருக்கு மச்சான்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கால் பாதத்துக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் சின்னதாகிப்போய் நாலு மாசமாகக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. புதுசுக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட், வீட்டுப் படியில் ஏறுவதை மட்டும் குறியாக வைத்து ஒரு பயிற்சி எழுதிக்கொடுத்திருக்கிறார். மொத்தம் மூணு படி.

நேற்று வீடியோ காலில் வந்தான். முதல் படியில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்றான்.